மத்தவர்னு போடவா மேடம்

மார்ச் 4

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் நேற்று கைக்கு வந்தது. பிரித்ததும் கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒரு வரியின் மேல் இன்னொரு வரி ஏறி உட்கார்ந்திருக்கிறது. "கண் டாக்டர் தன்மையானவர்" என்று எழுதிய இடத்திலேயே "நடுவில் மங்கிக்கொண்டே போகுமாம்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டையும் பிரித்தெடுத்தேன். எக்ஸ்ரே எடுக்கிற உத்தியோகம் இதற்காவது பயன்பட்டது.

சிரிக்கத்தான் எழுதுகிறேன். உண்மையில் பயமாக இருக்கிறது. நடுப்பார்வை போனால் ஓரங்கள் தெரியும், எழுத்து தெரியாது. அப்புறம் என் கடிதங்களை உங்களுக்கு யார் படித்துக்காட்டுவார்கள்? வீட்டில் இருப்பது உங்கள் மகன் ஒருவர்தான். கோர்ட்டில் எங்கள் விவாகரத்து முடிந்த அன்றைக்கே, என் பேரை அந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொன்னவர். நாம் இரண்டு பேரும் இன்னும் எழுதிக்கொள்வது அவருக்குத் தெரியாது. போனில் பேசலாம் என்றால் நீங்கள் அசைய மாட்டீர்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆயுசு முழுக்க ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர், "எந்த லைன்லயும் மூணாவது காது ஒண்ணு இருக்கும்டி" என்று சொல்லி என் வாயை அடைத்துவிடுவீர்கள்.

அதனால் உங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் ஆர்டர் செய்துவிட்டேன். திட்டாதீர்கள். நான் மின்னஞ்சலில் எழுதுவதை அது உங்கள் காதுக்குள் படிக்கும். நீங்கள் மெதுவாகப் பேசினாலும் எழுதிக்கொள்ளும். ஹெட்போனும் சேர்ந்தே வரும், மூன்றாவது காதுக்கு வேலை இல்லை. கம்பெனி ஆள் பகலில் வந்து பொருத்திக் கொடுத்துவிட்டுப் போவார். மகன் கேட்டால், பழைய ஆபீஸ் சிநேகிதி கொடுத்தாள் என்று சொல்லிவிடுங்கள்.

சொட்டு மருந்தை விடாமல் போடுங்கள்.

அன்புடன்,
மைனா


மார்ச் 16

என் மைனாவுக்கு,

மார்க்கர் பேனாவில் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் பிடிக்கிறது. காகிதம் கரைகிறது, போகட்டும்.

நீ சொன்ன பொய்யை நான் சொல்ல வேண்டி வரவில்லை. அதற்குள் வேறு கூத்து நடந்துவிட்டது. போன வருஷம் என் மகன் அதே கம்பெனியில் ஃபிரிட்ஜ் வாங்கினான் அல்லவா, அவர்களுடைய கணக்கில் இந்த விலாசத்துக்கு அவன் நம்பர்தானாம். உன் ஆர்டர் செய்தி நேரே அவன் போனுக்குப் போய்விட்டது. வேலையிலிருந்து வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, நம்ம வீட்டுக்கு கம்ப்யூட்டர் வருதாம். நீ ஏதாவது வாங்கினியா?"

"எனக்கு எதுக்குடா கம்ப்யூட்டர்?" என்றேன். கேள்விதானே கேட்டேன், பொய் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவன் அங்கேயே நின்றபடி கம்பெனிக்குப் போன் போட்டு, தப்பான ஆர்டர் என்று ரத்து செய்துவிட்டான். நல்லவேளை, வாங்கியது யார் என்று அவர்களும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

அவன்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. காலையில் எனக்குச் சொட்டு மருந்து விடுவது அவன்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொட்டாக விடுவான். அவனுக்குத் தெரியாமல் உனக்கு எழுதும்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது. எழுதாமல் இருந்தால் அதைவிட மோசமாக அடித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடு. ஓயாத பேச்சுக்காகத்தானே உனக்கு மைனா என்று பேர் வைத்தேன். கடிதத்தில் இப்போது அந்தப் பேச்சு குறைந்திருக்கிறது. என்ன விஷயம்?

ஆசிகளுடன்,
அத்தை


மார்ச் 28

அன்புள்ள அத்தைக்கு,

உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று ஆபீஸ் பிரிண்டரில் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறேன்.

கம்பெனிக்குப் பேசினேன். பேசினேன் என்று சொல்வது தவறு, பாட்டுக் கேட்டேன். ஒரே பாட்டு, அதுவும் பாதிப் பாட்டு. நடுநடுவே உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார். கடைசியில் ஒரு பெண் வந்தாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். வேறு பிரிவுக்கு மாற்றுகிறேன் என்றாள், மறுபடி பாட்டு. அங்கே வந்தவரிடமும் முதலிலிருந்து. அவர் ஆர்டரைத் திரும்பப் போட்டுக்கொடுத்தார். போன் நம்பரை மட்டும் மாற்றுங்கள், அது வேறொருவர் நம்பர் என்றேன். அங்கேதான் வந்தது வினை.

"அந்த அட்ரஸ்ல இருக்கறவங்களுக்கு நீங்க என்ன உறவு மேடம்?"

"மருமகள்."

"அந்த ஆப்ஷன் இல்ல மேடம். கணவர், மனைவி, மகன், மகள், பெற்றோர், இவ்வளவுதான் இருக்கு. மத்தவர்னு போடவா மேடம்?"

"போடுங்க."

"மத்தவர்னு போட்டா நம்பர் மாத்த முடியாது மேடம். உங்க ஹஸ்பெண்டைப் பேசச் சொல்லுங்களேன்."

மருமகள் என்று சொன்னதே சரியா என்று போனை வைத்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன். மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லிச் சண்டை போட்டதில், பெட்டி பகலில் உங்கள் கைக்கே வரும், செய்தி எதுவும் அந்த நம்பருக்குப் போகாது என்று குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்களாம். அந்தக் குறிப்பை நம்பித்தான் தூங்கப் போகிறேன்.

அடுத்த பக்கத்தையும் படியுங்கள்.

(இரண்டாம் பக்கம்)

அத்தை, இந்தப் பக்கத்தைக் கையால் எழுதுகிறேன். பிரிண்டர் எங்கள் பிரிவின் நட்டநடுவில் இருக்கிறது. காகிதம் வெளியே வருவதற்குள் நாலு பேர் எட்டிப் பார்த்துவிடுவார்கள். இது நீங்கள் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியது.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற ஒருவர் இருக்கிறார். என்னைவிட ஐந்து வயது பெரியவர். மனைவி இறந்து வெகுநாள் ஆகிறது. அதிகம் பேச மாட்டார். உங்கள் மகனுக்கு நான் பேசினாலே தலைவலி வந்துவிடும். இவர் நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஜூலையில் பதிவு செய்துகொள்ளலாம் என்கிறார். ஜூன் பாதிக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கும் விருப்பம்தான். ஆனால் உங்களிடம் சொல்லாமல் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகும் உங்களை அத்தை என்று கூப்பிடலாமா? உங்களுக்கு எழுதலாமா? அந்தக் கம்பெனிக்காரர்போல நீங்களும் என்னை மற்றவர் என்று போட்டுவிட்டால் என்னால் தாங்க முடியாது. இதை மட்டும் சொல்லிவிடுங்கள். எதுவானாலும் சொல்லிவிடுங்கள்.

மைனா


ஏப்ரல் 11

என் மைனாவுக்கு,

பெட்டி வந்தது. பொருத்துகிற ஆளும் வந்தார். கம்ப்யூட்டரை என் அறை மேஜையில் வைத்து, வயரெல்லாம் செருகி, ஹெட்போனை என் தலையிலும் மாட்டிவிட்டார். அந்த ஹெட்போன் காதில் உட்கார்ந்ததும் எனக்கு இருபது வயது குறைந்துவிட்டது. "நம்பர் ப்ளீஸ்" என்று சொல்லப் பார்த்தேன்.

ஆனால் படிக்கிற குரல் வரவில்லை. அதைத் திறக்க ஓ.டி.பி. என்று ஒரு நம்பர் வேண்டுமாம். அது பதிவு செய்த போனுக்குத்தான் வருமாம். பதிவு செய்த போன் யாருடையது என்று உனக்கே தெரியும். அந்த ஆள் கையை விரித்துவிட்டார். பெட்டிக்குள்ளேயே திரும்ப வைக்கச் சொல்லி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

பிறகு நானே கம்பெனிக்குப் பேசினேன். விற்பனைப் பிரிவில் ஒரு பெண், தொழில்நுட்பப் பிரிவில் இன்னொரு பெண், புகார்ப் பிரிவில் மூன்றாவது பெண். மூன்றும் ஒரே பெண். குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கிக்கொண்டு வருகிறாள். என்னிடமா? லைனில் ஒருவர் மூச்சு விட்டாலே ஆள் யார் என்று சொல்கிறவள் நான். "பாப்பா, போன தடவையும் நீதானே பேசின?" என்றேன். அவள் மெதுவாக, "ஆமா மேடம், இன்னைக்கு ரெண்டு பேர்தான் வந்திருக்கோம். வெளிய சொல்லிடாதீங்க" என்றாள். பாவமாகப் போய்விட்டது. அவளாலும் ஒன்றும் செய்ய முடியாதாம். பதிவு செய்த வாடிக்கையாளர் தன் வாயால் சம்மதம் சொன்னால்தான் நம்பரை மாற்றுவார்களாம். எனக்கோ லைனை முதலில் துண்டித்துப் பழக்கம் இல்லை, அவளுக்கும் துண்டிக்கக் கூடாது என்று விதி. இரண்டு பேரும் வெகுநேரம் சும்மாவே பிடித்துக்கொண்டிருந்தோம்.

ஒவ்வொரு தடவை நான் கேட்கும்போதும் அவன் போனுக்கு ஒரு நம்பர் போய்விடுகிறது. "சும்மா சும்மா நம்பர் அனுப்பி உயிரை எடுக்கிறானுங்க" என்று நேற்றுச் சாப்பிடும்போது சொன்னான். நான் குழம்பை அவன் பக்கம் நகர்த்தினேன்.

உன் முதல் பக்கத்தைப் படித்துவிட்டேன். இரண்டாம் பக்கத்தை ஏன் கையால் எழுதினாய்? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், பால்கனி வெயிலில் வைத்துப் பார்த்தேன். பக்கத்தின் ஓரத்தில் இருக்கிற எழுத்துகள் தெரிகின்றன, நடுவில் புகை. கடைசியில் உன் பேர் மட்டும் தெரிகிறது. என்ன எழுதியிருந்தாய்? பதில் வரவில்லை என்று என்மேல் கோபப்படாதே.

ஆசிகளுடன்,
அத்தை


ஏப்ரல் 24

அன்புள்ள அத்தைக்கு,

இதையும் பெரிய எழுத்தில் அடித்திருக்கிறேன். இந்தத் தடவை எல்லாரும் வீட்டுக்குப் போகும்வரை காத்திருந்தேன்.

அந்த இரண்டாம் பக்கத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். முக்கியமாக அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். அதில் உங்கள் மகனைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. உங்களுக்கு என்று எழுதும்போது வந்தது, அவர் காதுக்குப் போவதற்கு இல்லை. அதில் உள்ளதைத் திரும்ப ஒருமுறை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு தடவை அடித்து இரண்டு தடவையும் கிழித்துவிட்டேன். ஒருதரம் சொன்ன விஷயத்தை மறுபடி சொல்ல இவ்வளவு வெட்கமாக இருக்கும் என்று தெரியாது. கம்ப்யூட்டர் சரியானதும் என் முதல் மின்னஞ்சல் அதுதான்.

கம்பெனியோடு தினமும் மல்லுக்கு நிற்கிறேன். கண் தெரியாதவருக்காக வாங்கியது என்று சொன்னேன். ஐயோ மேடம் என்று வருத்தப்பட்டுவிட்டு, கண் தெரியாதவரின் கையெழுத்தோடு ஒரு விண்ணப்பம் அனுப்பச் சொல்கிறார்கள். பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், வேறு கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். திருப்பி எடுக்கவும் ஓ.டி.பி. வேண்டுமாம். இன்றைக்குப் பேசியவர் கடைசியில், என் சேவைக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பயந்துபோய் அவரே வைத்துவிட்டார்.

ஒன்று கேட்கிறேன். பக்கத்தைப் படிக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையாகவே முடியவில்லையா? படித்துவிட்டு, எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று அப்படி எழுதினீர்களா? நீங்கள் அப்படிச் செய்யக் கூடியவர் என்பதால் கேட்கிறேன். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிடுங்கள்.

மைனா


மே 17

அன்புள்ள அத்தைக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால் தாமதமாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். இப்போது என்னென்னவோ நினைக்கிறேன். படிகளில் இறங்கும்போது விழுந்துவிட்டீர்களோ, கண் இன்னும் மோசமாகிவிட்டதோ என்று ஒரு பக்கம். படித்துவிட்டீர்கள், மனது விட்டுப்போய்விட்டது, அதனால்தான் எழுதவில்லை என்று இன்னொரு பக்கம். வீட்டுப் போனுக்கு அடித்துப் பார்க்கலாம் என்று எடுத்தேன். அவர் எடுத்தால் என்ன சொல்வது? வைத்துவிட்டேன்.

அந்தப் பக்கத்தில் நான் எழுதியிருந்தவர் அவசரப்படுத்தவில்லை. உங்க அத்தை சொல்லட்டும் என்கிறார். ஒன்றும் எழுத வேண்டாம், வெறும் காகிதத்தை மடித்து உறையில் போட்டு அனுப்புங்கள். இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும்.

மைனா


மே 30

மைனா,

இதை நான் சொல்லச் சொல்ல என் மகன் எழுதுகிறான். பயப்படாதே. உட்கார்ந்து படி.

சென்ற மாதக் கடைசியில் ஒரு காலையில், சொட்டு மருந்து பாட்டிலை அவன் என் கண்ணுக்கு நேரே பிடித்திருக்கிறான், எனக்கு அது தெரியவில்லை. கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதாம். ஊசி போட்டார்கள். இனிமேல் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது போனதுதான் என்கிறார் டாக்டர். கதவின் சட்டம் தெரிகிறது, அதில் நிற்கிற ஆள் தெரியவில்லை. உன் பெரிய எழுத்தும் தெரியவில்லை.

உன் கடிதம் ஒன்று வந்தது, பிரித்தும் பயனில்லை. தலையணைக்குக் கீழே வைத்தேன். அப்புறம் இன்னொன்று வந்தது. கம்பெனிப் பெண்ணுக்குப் பேசினேன், அவள் அதே பதிலைச் சொன்னாள். தினமும் அந்த உறைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். இவனுக்குத் தெரிந்துவிடுமே என்று ஒரு பயம். நீ என்னிடம் ஏதோ கேட்டிருக்கிறாய், பதில் சொல்லாமலேயே போய்விடுவேனோ என்று இன்னொரு பயம். இரண்டாவதுதான் பெரியது என்று தெரிந்தது. போன ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் எடுத்து இவன் முன்னால் வைத்து, "படிடா" என்றேன்.

உறையில் உன் பேரைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டான். நானும் கூப்பிடவில்லை. பிறகு அவனாகவே வந்து உட்கார்ந்தான். கையில் முதலில் அகப்பட்டதைப் பிரித்தான். அவரிடம் கொடுத்துவிடாதீர்கள் என்று நீ எழுதியிருந்ததைத்தான் முதலில் படித்தான். செய்தி வாசிக்கிறவன்போல ஒரே சீராகப் படித்தான். அந்தக் கையெழுத்துப் பக்கத்துக்கு வந்தபோது, தலைவலி என்று நீ எழுதிய இடத்தில் நின்றுவிட்டான். "தண்ணி குடிச்சிட்டு வரேன்மா" என்று போனான். வந்து, விட்ட இடத்திலிருந்து படித்தான். ஒரு வரியைக்கூட அவன் தாண்டவில்லை. குரலை வைத்து எனக்குத் தெரியும்.

இவ்வளவு நாள் என்னிடம் மறைத்தாயே என்று கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. "எல்லா லெட்டரையும் நீ தனியாவே படிச்சிட்டு இருந்தியாம்மா?" என்று மட்டும் கேட்டான்.

நீ கேட்டதற்குப் பதில். அவரைக் கட்டிக்கொள். நீ பேசுவதைக் கேட்க ஒரு ஆள் கிடைத்திருக்கிறார், விடாதே. என்னை அத்தை என்றுதான் கூப்பிட வேண்டும். வேறென்ன சொல்லிக் கூப்பிடுவாய்? அவர் அம்மா இருந்தால் அவரையும் அத்தை என்று கூப்பிடு, எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. கொஞ்சம் குறையும். பொறுத்துக்கொள்வேன்.

இங்கே இவன் பேனாவை வைத்துவிட்டான். "எழுதுடா, அவ காத்துக்கிட்டு இருப்பா" என்றேன். எழுதுகிறான்.

கம்பெனிக்காரர்கள் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். நான் என் மனதில் உன்னை எடுத்து வேறு இடத்தில் போடவில்லை. போடவும் மாட்டேன். உடனே அவருக்குச் சரி என்று சொல்லிவிட்டு, எந்தத் தேதி என்று எனக்கு எழுது.

ஆசிகளுடன்,
அத்தை

அம்மா சொன்னபடியே எழுதியிருக்கிறேன். என்னைப் பற்றிச் சொன்ன ஒரு வரியை மட்டும் எழுதவில்லை. அதை அம்மாவே பிறகு சொல்லிக்கொள்ளட்டும்.

கட்டிலுக்கு அடியில் இருந்ததை எடுத்து மேஜையில் வைத்துப் பொருத்திவிட்டேன். கம்பெனியில் பேசி நம்பரையும் அம்மாவுடையதாக மாற்றிவிட்டேன். படிக்கிற குரல் நன்றாக வருகிறது. அம்மா ஹெட்போன் மாட்டிப் பழகிக்கொண்டிருக்கிறார். இனிமேல் மின்னஞ்சலிலேயே எழுதலாம், தேதியையும் அதிலேயே சொல்லலாம். எனக்கு இனி எந்தத் தகவலும் வராது.